'யூ லுக் பேல்' என்றால் பாராட்டா?

கேள்வி: ஒருவர் நம்மைப் பார்த்து 'யூ லுக் பேல்' என்றால், சிவப்பாக இருக்கிறோம் என்று புகழ்கிறாரா? 'ஃபேர்', 'பேல்' இரண்டும் ஒன்றுதானா?

புகழவில்லை. 'முகமே வெளிறிக் கிடக்கிறதே, உடம்புக்கு என்ன?' என்று விசாரிக்கிறார். அவசரப்பட்டு நன்றி சொல்லிவிடாதீர்கள்.

'ஃபேர்' என்பது ஒருவரின் இயல்பான வெளிர் நிறம். 'பேல் ஸ்கின்' என்பதும் சில சமயம் பிறவியிலேயே வெளுத்த தோலைக் குறிக்கும், குழப்பமே இதனால்தான். ஆனால் லுக், டர்ன், கோ போன்ற வினைகளோடு 'பேல்' சேர்ந்து வந்தால், முகத்தில் வழக்கமாக இருக்கும் ரத்தக்களை போய்விட்டது என்று பொருள். எந்த நிறத்தவருக்கும் இது நேரலாம்.

பயந்தால் அட்ரீனலின் சுரந்து, தோலில் உள்ள சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கும். பேயறைந்த மாதிரி என்கிறோமே, அந்த முகம்தான். ரத்தசோகையில் காரணம் வேறு, ஹீமோகுளோபின் குறைவு. இப்படி வெளிறுவதை மருத்துவர்கள் 'பாலர்' என்பார்கள். கறுத்த தோலில் முகத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சில சமயம் சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். அதனால்தான் கீழ் இமையை இழுத்து உட்புறம் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நாக்கு, நகம், உள்ளங்கையையும் பார்ப்பதுண்டு.

மஞ்சள் பாய்ந்து களையிழந்த தோலுக்கு 'சாலோ' என்ற சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவன் பிரிந்தபோது தலைவிக்குப் படரும் பசலையை ஆங்கிலத்தில் சொல்ல, எனக்கு 'பேல்' என்பதைவிட இதுதான் பொருத்தமாகப் படுகிறது. 'ஆஷன்' என்றால் சாம்பல் நிறமாக வெளிறியது. அதிர்ச்சியிலோ கடும் நோயிலோ இருப்பவரைப் பற்றி அப்படிச் சொல்வார்கள்.

தோலை விட்டு வெளியே வந்தால் 'பேல்' என்பதில் நோய்க்களை ஒன்றுமில்லை. 'பேல் ப்ளூ' வெறும் வெளிர்நீலம். 'பேல் இன் கம்பாரிசன்' என்றால் இன்னொன்றின் முன்னால் எடுபடாமல் போவது.

அப்புறம், 'பியாண்ட் த பேல்' என்பதை இதோடு சேர்க்காதீர்கள். எழுத்து ஒன்றுதான், வேர் வேறு. வெளிறலைக் குறிக்கும் சொல் லத்தீன் 'பல்லிதுஸ்' வழி வந்தது. இந்தப் 'பேல்' வேலிக்கு நடும் கழியைக் குறிக்கும் 'பாலுஸ்' வழி வந்தது. ஒருவர் செய்தது 'பியாண்ட் த பேல்' என்றால், வரம்பு மீறிவிட்டார் என்று அர்த்தம்.