சாரல் மேகமும் 412 கிலோவும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மேகங்களுக்குள் பறந்து அளவெடுக்கும் ஆய்வு விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது கிழக்கே எங்கள் ஆலங்குளத்தில் வெறும் காற்று மட்டும் அடிப்பது ஏன் என்று விமானத்தில் போய் ஆராய வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று அவர்களே பதினொரு கருவிகளுக்குப் பட்டியல் போட்டார்கள். விவரக்குறிப்புகளைப் பார்த்து எடையைக் கூட்டியதில் 412 கிலோ வந்தது. பீச்கிராஃப்ட் பி200 விமானம் 5,670 கிலோவோடு புறப்படலாம் என்னும்போது இது பத்தில் ஒரு பங்குகூட இல்லையே. லேசர் ஒளியை அனுப்பி தூரத்து மேகத்தையும் துகள்களையும் அளக்கும் 70 கிலோ லைடார் கருவி ஒன்றை இறக்கிவைத்துவிட்டுப் போனதை ஏன் அவ்வளவு விரிவாக எழுதினீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓர் இயற்பியல் ஆசிரியர், ஆலங்குளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பட்டியலை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள். ஆகவே பிழைகளை ஒளிக்காமல் சொல்கிறேன்.

5,670 கிலோ என்பது விமானம், ஆட்கள், கருவிகள், எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடை. அதற்குள்ளேயே இன்னொரு வரம்பு உண்டு: எரிபொருளை நீக்கிப் பார்த்தால் மொத்தம் 4,990 கிலோவைத் தாண்டக் கூடாது. எரிபொருள் பெரும்பாலும் இறக்கைகளுக்குள் இருப்பதால், காற்று இறக்கையை மேலே தூக்கும்போது அதன் கனம் கீழே இழுத்துப் பிடித்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விழும் வளைவைக் குறைக்கிறது. உடலுக்குள் ஏற்றும் சுமையோ அந்த வளைவைக் கூட்டுகிறது. வெறும் விமானம் 3,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விமானிகள் இருவர், ஆய்வாளர்கள் இருவர், பைகளோடு ஆளுக்கு 90 கிலோ என்றால் 360 கிலோ. கருவிகளுக்கு மிஞ்சுவது 830 கிலோ.

அப்படியும் 412 அதற்குள் அடங்குகிறதே என்பார்கள். விவரக்குறிப்பில் இருப்பது கருவிப் பெட்டியின் எடை மட்டுமே. நான் முதன்முதலில் பொருத்திய துகள் அளவிக்கு அச்சில் 18 கிலோ போட்டிருந்தது. பம்ப், காற்றை உள்ளே இழுக்கும் குழாய், மின்மாற்றி, கேபிள், தாங்கு சட்டம், போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் குவித்துத் தராசில் ஏற்றியபோது முள் 41-இல் நின்றது. அன்றிலிருந்து நான் தராசில் ஏற்றிப் பார்க்காத எந்த எண்ணையும் கணக்கில் சேர்த்ததில்லை. உங்கள் 412-உம் கருவிகளைப் பொருத்தும் இரும்படுக்குகளான ரேக்குகளோடு சேர்ந்து ஏறக்குறைய இரட்டிப்பாகும்; 830 நிரம்பிவிடும்.

நிரம்பினால் என்ன ஆகும்? 4,990-க்கும் 5,670-க்கும் இடையே எரிபொருளுக்கு இருப்பது 680 கிலோ. இந்த விமானம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோ எரிக்கும், தாழப் பறந்தால் இன்னும் கூடுதலாக எரிக்கும். வேறு விமான நிலையத்துக்குத் திரும்பவும் வானில் காத்திருக்கவும் வேண்டிய கையிருப்பைக் கழித்துவிட்டால் வேலைக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. விமானம் பெங்களூரிலிருந்து புறப்பட்டால் பொதிகைக்கு 500 கிலோமீட்டர். மேகத்தைப் பார்த்தவுடனே திரும்ப வேண்டியிருக்கும். அந்த 70 கிலோ லைடாரை இறக்கிய இடத்தில் 70 கிலோ எரிபொருள் ஏறியது. அது பதினான்கு நிமிடம். விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் 84 கிலோமீட்டர். குற்றாலத்தில் தொடங்கிப் பாளையங்கோட்டையைத் தாண்டி ஒரு கோடு முழுவதும் அளந்துவிடலாம். எடை எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

பெரிய விமானமானால் இந்தச் சிக்கல் தீராதா என்று அடுத்து கேட்பார்கள். இந்தியப் பருவமழையைப் பற்றிய இன்கம்பாஸ் ஆய்வுக்காக 2016-இல் பிரிட்டனிலிருந்து வந்து லக்னோவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பறந்த பிஏஇ 146 விமானம் நான்கு டன் வரை கருவிகளைச் சுமக்கக்கூடியது. அதிலும் இதே கணக்குதான். இடம் கேட்டு வரிசையில் நிற்கும் குழுக்கள் கூடுதல், அவ்வளவே.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம். நம் ஊரில் நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் மூட்டையை அடுக்குவார். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். விமானத்தில் பின்பாரம் கூடினால் மூக்கு தூக்கிக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் போகும். சமநிலைப் புள்ளியிலிருந்து 3 மீட்டர் பின்னால் வைத்த 40 கிலோ, 1 மீட்டரில் வைத்த 120 கிலோவின் வேலையைச் செய்யும். ஆகவே பட்டியலில் எடைக்குப் பக்கத்தில் தூரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். அவசரத் தரையிறக்கத்தில் ரேக்கின் பிடிப்பு சுமையின் எடையைப் போல் ஒன்பது மடங்கு விசையை முன்னோக்கித் தாங்க வேண்டும் என்பது பெரிய பயணிகள் விமானங்களுக்கான விதி. 40 கிலோ அந்த நொடியில் 360 கிலோவாக முன்னிருக்கைக்காரரின் முதுகை நோக்கிப் பாயும். ரேக்கின் கனத்தில் பெரும்பகுதி ஏன் சட்டத்துக்கே போகிறது என்பது இப்போது விளங்கும்.

இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது. பொதிகைக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் பறப்பதாகத் திட்டம் எழுதியிருக்கிறார்கள். சிகரமே 1,868 மீட்டர். கண் தெரியாத மேகத்தில் மலைக்கு மேல் இன்னும் 600 மீட்டராவது விலகல் வேண்டும். தாழப் பறக்க வேண்டிய கோடுகளை மலையை விட்டு விலகி, கீழ்ப்புறச் சமவெளியின் மேல் போடச் சொல்லுங்கள். அவர்கள் தேடும் விடையும் அங்கேதான் கிடைக்கும். மலையேறி நீரை இழந்த காற்று கீழே இறங்கிச் சூடாகும்போது மிச்சத் துளிகள் ஆவியாகின்றனவா என்பதுதானே கேள்வி?

அந்தக் கேள்விக்கு வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், செங்குத்துக் காற்று ஆகியவற்றின் அளவிகள் வேண்டும். 2 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துளிகளை எண்ணும் கருவியும் தூறல் துளிகளைப் படமெடுக்கும் கருவியும் வேண்டும். துகள் அளவி ஒன்று போதும், இரண்டாவதை விட்டுவிடலாம். மூன்று வாயு அளவிகளும் நல்ல கருவிகளே, ஆனால் இந்தக் கேள்விக்கு அவற்றுக்கு வேலை இல்லை. லைடாரையும் மனமில்லாமல்தான் பட்டியலிலிருந்து அடிக்கிறேன். எஞ்சும் ஆறேழு கருவிகளுக்கு எடை, தூரம், மின்தேவை என்று மூன்று கட்டம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். மின்தேவையை இந்த முறை யாரும் குறிக்கவே இல்லை. பட்டியல் வந்தவுடன் எரிபொருள் கணக்கை நானே போட்டு, எத்தனை நிமிடம் தேறுகிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்