ஹம் காமாட்சி தேருக்கு ஏஜென்ட் பேக்கேஜ் தேவையா?

கேள்வி: என் மகன் பெர்லினில் வேலை பார்க்கிறான். நானும் கணவரும் 74 வயது மாமியாரும் அவனைப் பார்க்கப் போகிறோம். விசா வந்துவிட்டது. ஹம் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில் தேரைப் பார்த்துவிட வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. அந்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு வேலை இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர், “உங்கள் விசா பெர்லின் முகவரிக்குக் கொடுத்தது, வேறு மாநிலம் போக அனுமதிக் கடிதம் வேண்டும், அதையும் ரயில், வேன், சிறப்பு தரிசனம் எல்லாவற்றையும் சேர்த்து பேக்கேஜாகத் தருகிறேன்” என்கிறார். தேர் முடிந்து வுப்பர்டாலில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக எண்ணம். நாங்களே போக முடியுமா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமாகப் போகலாம். பேக்கேஜ் எதுவும் எடுக்காதீர்கள். பயணத்தின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: தங்கை வீடு முதலில், தேர் பிறகு. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த அனுமதிக் கடிதம். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. மாமியாரின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விசா எங்கே செல்லும் என்று சொல்லும் முதல் வரியில் பெர்லின் என்று இருக்காது; ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) என்று ஜெர்மன் மொழியில் அச்சிட்டிருக்கும். அதன் கீழே தேதிகளும், எத்தனை நாள் தங்கலாம் என்ற எண்ணும் இருக்கும். அந்த நாட்களுக்குள் ஜெர்மனியின் எந்த மாநிலத்துக்கும் போகலாம், பாரிஸுக்கும் போய் வரலாம். மகனின் முகவரியை விண்ணப்பத்தில் கேட்டது நீங்கள் எங்கே தங்குவீர்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. அந்த ஊரை விட்டு நகரக் கூடாது என்பதற்காக அல்ல. பயணத்தில் பாஸ்போர்ட்டும் இன்சூரன்ஸ் தாளும் கையில் இருக்கட்டும், அது போதும்.

இப்படிப்பட்ட பொய் எப்படி எடுபடுகிறது? விசா வாங்கி முடிப்பதற்குள் மக்களை அந்த அளவுக்குப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கட்டணம் 90 யூரோ, இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, இவ்வளவும் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைத்த விதி. ஆனால் விண்ணப்பம் கொடுக்க ஒரு தேதி கிடைப்பதற்கே பலர் ராத்திரி விழித்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தத் தேதியைப் பிடித்து வைத்து விற்பதற்கென்றே தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். வரிசையைச் சரியாக நடத்தத் தெரியாத ஏற்பாடு, நேர்மையான குடும்பங்களை நேராகத் தரகரிடம் தள்ளிவிடுகிறது. ஒருமுறை பணம் கொடுத்துப் பழகியவர்களிடம் அடுத்தது இல்லாத கடிதத்தை விற்கிறார்கள். உங்கள் ஏஜென்ட் செய்வது அதுதான்.

சரி, இடத்துக்கு வருவோம். ஹம் 1226-ல் உருவான பழைய நகரம், வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தில் இருக்கிறது. கோயில் நகரத்துக்குள் இல்லை. நகர மையத்திலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஊன்ட்ரோப் என்ற புறநகர்ப் பகுதி. அங்கே தொழிற்பேட்டைக்குள், சீகன்பெக் தெருவில் இருக்கிறது. பக்கத்தில் மின் நிலையம், கால்வாய், குடோன்கள். கோபுரத்தைப் பார்க்கும்வரை வழி தப்பிவிட்டோமோ என்றுதான் தோன்றும். இலங்கையிலிருந்து அகதியாக வந்த தமிழர்கள் 1989-ல் ஹம் நகரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அம்பாளை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகி, தேர் ஊர்வலமும் தொடங்கியதும், குடியிருப்புப் பகுதியில் சத்தம், கார் நெரிசல் என்று அக்கம்பக்கத்தில் புகார்கள் வந்தன. அதனால்தான் தொழிற்பேட்டையில் இடம். 2002 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் சுமார் 17 மீட்டர். அந்த இடம் ஒதுக்குப்புறம் என்று சிலர் குறைப்படுவார்கள். தேருக்குப் பல ஆயிரம் பேர் வரும் கோயிலுக்கு அதைவிடத் தோதான இடம் கிடைத்திருக்காது என்பது என் கருத்து.

இனி முக்கியமான பொறி: ஊர்ப் பெயர். ஹம் என்ற பெயரில் ஜெர்மனியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. ஹாம்புர்கில் ஒரு ஹம் பகுதி இருக்கிறது. டூசெல்டார்ஃபில் ஒரு ஹம் இருக்கிறது, அங்கே புறநகர் ரயில் நிலையமும் உண்டு. ஊன்ட்ரோப்பும் அப்படித்தான்: தெற்கே மலைப்பக்கம் ஆர்ன்ஸ்பெர்க் நகரத்திலும் ஓர் ஊன்ட்ரோப் இருக்கிறது. செல்போனில் அவசரமாகப் பெயரைத் தட்டி, முதலில் வந்ததை அமுக்கிவிட்டால் அம்பாள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். ரயில் நிலையத்தைத் தேடும்போது ஹம் என்ற பெயருக்குப் பின்னால் வெஸ்ட்ஃபாலியாவின் சுருக்கமும் ‘ஹவுப்ட்பான்ஹோஃப்’ என்ற மத்திய நிலையச் சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலுக்கு வழி தேடும்போது தெருப் பெயரோடு 59071 என்ற அஞ்சல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். மகனிடம் சொல்லி இரண்டையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் நீட்டவும் அது உதவும்.

இப்போது வரிசை மாற்றம். பெர்லினிலிருந்து ஹம்முக்கு நேரடி விரைவு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். தேரன்று காலையில் கிளம்பி, ரயில் சரியாக வரும் என்று நம்பி, வயதானவரையும் கூட்டிக்கொண்டு போவது சரிவராது. 2024-ல் ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை. உலகத்துக்கே ஒழுங்கைக் கற்றுக்கொடுத்த நாடு என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே பயணி பிளாட்பாரத்தில் குளிரில் நிற்கிறார். ஆகவே சனிக்கிழமையே கிளம்பி நேராக வுப்பர்டால் போய்த் தங்கை வீட்டில் தூங்குங்கள். ஞாயிறு காலை அங்கிருந்து ஹம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆர்.இ. 7 என்ற வட்டார ரயில் மாறாமல் கொண்டுபோய் விடும்.

சனிக்கிழமை ரயிலில் ஒரு விஷயம் கவனம். பெர்லினிலிருந்து வரும் பல விரைவு ரயில்கள் ஹம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எசன் வழியாக டூசெல்டார்ஃப் பக்கம் போகும். மறு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோன் போகும். நீங்கள் இரண்டாவது பாதியில் இருக்க வேண்டும். பெர்லினில் ஏறும்போதே பெட்டிக் கதவுக்குப் பக்கத்துத் திரையில் வுப்பர்டால் என்ற பெயர் ஓடுகிறதா என்று பார்த்து ஏறுங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே உள்ளேயே நடந்து போக வழி இருக்காது, அதனால் “உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இருக்கை எண்ணை முன்பதிவு செய்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. அந்தப் பாதையில் தண்டவாள வேலைக்காக மாதக்கணக்கில் ரயிலைத் திருப்பிவிடுவதும் உண்டு. டிக்கெட் எடுக்கும் அன்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிக்கெட்டை மகனே ரயில்வேயின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ எடுக்கட்டும். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலிவு டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு நல்ல விதிவிலக்கு இருக்கிறது, ஏஜென்ட் கை வைத்தால் அது போய்விடும். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். அடுத்த ரயிலில் ஏற முடியாது. ஆனால் நீங்கள் இறங்க வேண்டிய ஊரை 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகத்தான் அடைவீர்கள் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அதே டிக்கெட்டில் வேறு விரைவு ரயிலிலும் போகலாம். கணக்கு வைப்பது கிளம்பும் ஊரில் அல்ல, இறங்கும் ஊரில் என்பதை நினைவில் வையுங்கள். பெர்லினில் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பி, அதனால் நடுவில் மாறவேண்டிய ரயில் தவறி, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்வீர்கள் என்றாலும் இந்தச் சலுகை உண்டு. இறங்கும் இடத்தில் 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம் திரும்பவும் கேட்கலாம். இதெல்லாம் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான். ஏஜென்ட்கள் சில யூரோ மிச்சம் பிடிக்க பெர்லின்–ஹனோவர் ஒன்று, ஹனோவர்–வுப்பர்டால் ஒன்று என்று தனித்தனியாக எடுத்துத் தருவார்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், உங்கள் இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். திரும்ப வரும் பணமும் யார் கணக்கில் டிக்கெட் எடுத்தார்களோ அங்கேதான் பெரும்பாலும் போய்ச் சேரும். மிச்சம் பிடித்தது ஏஜென்ட்டுக்கு, நஷ்டம் உங்களுக்கு.

பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். டிக்கெட் பரிசோதகர் அடையாளம் கேட்பார். இனிஷியல் மட்டும் போட்டு எடுத்த டிக்கெட்டோடு போய் ரயிலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இத்தனை யோசனை வேண்டாம். வுப்பர்டாலும் ஹம்மும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. அந்த மாநிலத்துக்கென்று ‘ஷோனர்டாக்’ டிக்கெட் என்று ஒருநாள் டிக்கெட் உண்டு. ஐந்து பேர்வரை சேர்ந்து போகும் வகையை எடுத்தால் உங்கள் மூவரோடு தங்கையும் அவர் கணவரும் அடக்கம். சனி, ஞாயிறில் நாள் முழுக்கச் செல்லும். வட்டார ரயிலுக்கும், ஹம் நிலையத்திலிருந்து ஊன்ட்ரோப் போகும் நகரப் பேருந்துக்கும் அதுவே போதும். விரைவு ரயிலில் மட்டும் அதை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். செல்லாத டிக்கெட்டோடு வட்டார ரயிலில் பிடிபட்டால் ஆளுக்கு 60 யூரோ. திருவிழா நாளில் பிளாட்பாரத்தில், “எங்கள் குரூப் டிக்கெட்டில் ஒரு இடம் இருக்கிறது, பணம் கொடுத்து ஏறிக்கொள்ளுங்கள்” என்று தமிழிலேயே பேசிக்கொண்டு வருவார்கள். கூட்டத்தில் பரிசோதகர் வந்ததும் டிக்கெட் வைத்திருக்கும் ஆள் வேறு பெட்டியில் இருப்பார். வேண்டாம்.

வேன்காரர்களும் அதே கதைதான். ஜெர்மனியில் லாபத்துக்காக ஆள் ஏற்றிப் போக உரிமம் வேண்டும். தெரிந்த பையன், நம்ம ஊர்க்காரன் என்று ஏறிவிடுவோம். விபத்து நடந்து, உரிமம் இல்லை என்று தெரியவந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி என்னென்ன கேள்வி கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊன்ட்ரோப்புக்கு வேன் தேவையும் இல்லை. ஹம் நிலைய வாசலிலேயே பேருந்து நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு. ஒன்று போனால் வெகுநேரம் காத்திருக்க நேரும், பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரை உத்தேசித்து, போகும்போது டாக்சியே பிடியுங்கள், மீட்டர்படி முப்பது நாற்பது யூரோவுக்குள் முடிந்துவிடும். தேர் ஓடும் தெருக்களில் வண்டியை விடமாட்டார்கள், கடைசியில் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அன்று அங்கே கடைகள் அடைத்திருக்கும். தண்ணீர், மாத்திரை, ஒரு மடக்கு நாற்காலி எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

“சிறப்பு தரிசனம்” என்று விற்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேரன்று அம்பாளே தெருவுக்கு வருகிறாள். அதற்கு யார் கட்டணம் வாங்குவது? தேர் வைகாசித் திருவிழாவில், மே கடைசியிலோ ஜூனிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், அதனால் கோயில் வெளியிடும் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். ஏஜென்ட் சொல்லும் தேதியை வைத்து டிக்கெட் எடுக்காதீர்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், அதே ஊன்ட்ரோப் வட்டத்தில் மாக்சிமிலியன் பூங்கா இருக்கிறது. பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் நிலக்கரி கழுவும் கட்டடத்தை, 35 மீட்டர் உயரக் கண்ணாடி யானையாக மாற்றியிருக்கிறார்கள். மாமியாருக்கு நடக்க முடிந்தால் பார்க்கலாம். தேர் நாளிலேயே இதையும் நுழைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. விரைவு ரயில் பெட்டியில் படி உயரம், நிலையங்களில் லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதும் சகஜம். ஜெர்மன் ரயில்வேயில் வயதானவர்களை ஏற்றி இறக்க உதவி கேட்டுப் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் முந்தைய நாளே பதிந்திருக்க வேண்டும். அன்றைக்குப் போய்க் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். சனிக்கிழமைப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த கையோடு மகன் அதையும் பதிந்துவிடட்டும்: பெர்லினில் ஏற ஒருமுறை, வுப்பர்டாலில் இறங்க ஒருமுறை, திரும்பும் நாளுக்கும் அதே போல.