ஒருவருக்குப் பல அடையாளங்கள் இருந்தால் பிற சமூகத்தார் மீதான வெறுப்பு குறையுமா?

மொரிஷியஸில் ஆரம்பப் பள்ளித் தமிழாசிரியன் நான். உங்கள் கேள்வி பள்ளி நாள்களில் தினமும் என் கண்முன்னே நடக்கிறது. முப்பது பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மொழிப் பாடவேளைக்கு மணி அடித்ததும் தமிழுக்கு ஓர் அறை, ஹிந்திக்கு ஒன்று, உருதுவுக்கு ஒன்று, 2012 முதல் கிரியோலுக்கும் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் பொதுப் பேச்சுமொழி) ஒன்று என்று பிரிந்து போவார்கள். வேளை முடிந்தால் மறுபடி அதே பெஞ்சு. எல்லார் வாயிலும் கிரியோல்தான்.

ஒரு பையனின் அப்பா தமிழர், அம்மா கிரியோல் சமூகத்தவர். முதல் வகுப்பில் சேர்ந்த வாரம் முழுவதும் பையைச் சுமந்துகொண்டு இரண்டு கதவுகளுக்கும் நடுவே நின்றான். "சார், இன்றைக்கு எந்தப் பக்கம்?" என்பான். படிவத்தில் தமிழ் என்று இருந்தது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டேன். எதிர் அறையில் அவன் கூட்டாளி பாட்டுப் பாடுவது கேட்டால் இன்றும் காது அங்கேதான் போகிறது.

அடையாளங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சோனியா ரோக்காஸ், மரிலின் ப்ரூவர் என்ற இரு உளவியலாளர்கள் 2002இல் இதை எழுதினார்கள். என் மதத்தார்தான் என் மொழிக்காரர், அவர்தான் என் அண்டைவீட்டார் என்று எல்லா வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதாக நினைப்பவனுக்கு, வெளியே நிற்பவன் முழு அந்நியன். வட்டங்கள் விலகி விலகிக் கிடப்பது தெரிந்தவனுக்கு எவரையும் முழுதாக ஒதுக்குவது கடினம்.

எங்கள் ஊர்க் கால்பந்து இதற்கு நல்ல சாட்சி. ஒரு காலத்தில் அணிகளின் பெயரே ஹிந்து கேடட்ஸ், தமிழ் கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கௌட்ஸ். பின்னாளில் பெயரிலிருந்து மதத்தை எடுத்தார்கள். ஆதரவாளர் கூட்டத்திலிருந்து எடுக்க முடியவில்லை. 1999 மே 23 அன்று பழைய முஸ்லிம் ஸ்கௌட்ஸான ஸ்கௌட்ஸ், கிரியோல் ஆதரவாளர் நிறைந்த ஃபயர் பிரிகேட் ஆகிய இரு அணிகளின் ஆட்டம் முடிந்தபின் மூண்ட கலவரத்தில் தலைநகர் போர்ட் லூயியில் ஒரு சூதாட்ட விடுதியைக் கொளுத்தினார்கள். 7 பேர் செத்தார்கள். அதன்பின் உள்நாட்டுப் போட்டிகளை நிறுத்திவைத்து, அணிகளை ஊர்வாரியாக மாற்றி அமைத்தார்கள். (அரசியல் சட்டம் மட்டும் இன்னும் நான்கே பெட்டிகள் வைத்திருக்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், மற்றவரெல்லாம் 'பொது மக்கள்'. நான் இந்துப் பெட்டியில். கிறிஸ்தவரான என் சித்தப்பா பொது மக்கள். நாடாளுமன்றத்தில் சமூக விகிதம் பார்த்துத் தரும் 8 இடங்களுக்கு இன்றும் 1972 கணக்கெடுப்புத்தான் ஆதாரம்.)

நான் மட்டும் மேலே நின்று பார்த்தவன் என்று நினைக்க வேண்டாம். 1998 நவம்பரில் புது ரூபாய் நோட்டு வந்தது. வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து வரும் தமிழைக் கீழே தள்ளி ஹிந்தியை மேலே ஏற்றியிருந்தார்கள். தமிழர்கள் கொதித்தார்கள். எனக்கு 17 வயது. என் உயிர் நண்பன் போஜ்புரி பேசும் வீட்டுப் பையன்; ஹிந்தி அவர்கள் பக்கத்து மொழி என்பது எங்கள் ஊர்க் கணக்கு. நோட்டை அச்சடித்தவன் அவனில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவனுமில்லை. இரண்டு வாரம் நான் அவனோடு பேசவில்லை. பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன். அடிபட்ட விரல்தான் உடம்பு முழுவதும் என்று தோன்றுமே, அப்படி. அந்தப் பதினைந்து நாளும் நான் தமிழன் மட்டுமே; அவனுக்கு நண்பனும் இல்லை, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகனும் இல்லை.

பேச்சு மீண்டது அந்தக் கடைசி அடையாளத்தால்தான். சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி வம்பளக்க எனக்கு வேறு ஆள் கிடையாது. அடுத்த ஆண்டு மே 26 அன்று, கலவரத்தில் ஏழு உயிர் போன மூன்றாம் நாள், யுனைடெட் ஆடிய ஐரோப்பிய இறுதி ஆட்டம் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. அவன் அம்மா கதவைத் தாழிட்டுவிட்டு, "இன்றிரவு இங்கேயே படுத்துக்கொள்" என்றார். நள்ளிரவு தாண்டிக் கூடுதல் நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்தபோது கத்தாமலிருக்க ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டோம்.

ஆகவே, கலந்து பழகினாலே போதும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கலவரம் செய்தவர்களும் ஒரே சந்தையில் காய் வாங்கியவர்கள்தான். ஒரு கயிறு அறுபடும்போது பிடித்துக்கொள்ள வேறொரு கயிறு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழை மேலே வைத்து மறுபடி அச்சிட்டார்கள். இப்போதும் தேநீர்க் கடையில் பணம் கொடுக்கும் நேரம் வந்தால் நண்பன் என் சட்டைப் பையிலிருந்தே நோட்டை உருவி, வரிசையைக் காட்டுவான்: "உன் மொழிதானே மேலே இருக்கிறது? நீயே கொடு."