குளவிக்குப் பயந்த போலீஸ்காரர் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நீண்ட பயணத்தில் படிக்க ஒரு துப்பறியும் நாவல் வரிசை கேட்டிருந்தேன். ஸ்வீடன் போலீஸ் துப்பறிவாளர் கர்ட் வாலாண்டர் வரும் வரிசையைச் சொன்னீர்கள். கையில் கிடைத்தது ஐந்தாவது நாவல். அதிலிருந்தே தொடங்கிவிடலாமா?

தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி அவஸ்தைப்பட்டவன்.

ஹென்னிங் மான்கெல் முதல் எட்டு நாவல்களை 1991 முதல் 1998 வரை வருஷத்துக்கு ஒன்றாக எழுதினார். ஆங்கிலத்தில் அவை முன்பின்னாக வந்தன. நான்காவது நாவல் எட்டாவதற்கும் பிறகு, 2005-இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. நானும் கிடைத்ததைக் கிடைத்தபடி படித்தேன். கொலை வழக்கைப் பொறுத்தவரை ஒன்றும் கெட்டுப்போகாது, ஒவ்வொன்றும் தனிக் கதைதான். ஆனால் ஒரு நாவலில் அடக்கம் பண்ணப்பட்டவர், நான் அடுத்து எடுத்த நாவலில் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் பேசிய ஒரு வார்த்தையையும் என்னால் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை.

1991 நாவலிலிருந்து ஆரம்பியுங்கள். 1990 ஜனவரி, விடியற்காலை. ஒரு கிழவர் விழித்துக்கொள்கிறார். பக்கத்துப் பண்ணையில் குதிரை கனைக்கவில்லை. கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கேள்வி: நாவல் நடக்கும் ஊருக்கே போய் அந்த நாவலைப் படித்ததாக எழுதியிருந்தீர்கள். இது கொஞ்சம் பந்தா இல்லையா?

பந்தாதான், ஒப்புக்கொள்கிறேன். வேறு வேலையாகக் கோபன்ஹேகன் போனவன், மூன்று நாள் மிச்சம் இருந்ததால் ரயிலேறினேன். கடல்மேல் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் நீளும் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனின் மால்மோ, அங்கே வண்டி மாறி வாலாண்டரின் ஊரான ஈஸ்டாட். அந்தப் பாலம் திறந்தது 2000-இல். என் மடியில் இருந்த நாவலில் பாலமே கிடையாது, மனிதர்கள் படகில்தான் கடலைக் கடக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு காலம், மடியில் ஒரு காலம்.

ஈஸ்டாட் போய்ச் சேர்ந்ததும் முதலில் ஏமாற்றம்தான். அத்தனை சின்ன ஊர். வாலாண்டர் குடியிருக்கும் மரியாகாத்தன் ('காத்தன்' என்றால் தெரு) ஒரு சாதாரணத் தெரு. பழைய கட்டைச் சட்ட வீடுகள், வாசலில் ரோஜா, ஓரமாகச் சாத்திவைத்த சைக்கிள். இங்கேயா இத்தனை கொலை? அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. அவர் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடிக்கொண்டே இருக்கிறாரே, ஏன்? நடந்தால் பத்து நிமிஷத்தில் ஊர் முடிந்துவிடும். அதற்கப்பால் வயல், காற்று, கடல். அவருடைய தனிமைக்கு இத்தனை இடம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்குப் புரிந்ததில்லை.

ராத்திரி ஒரு சம்பவம். அறையில் படுத்து, நாவலில் யாரோ இருட்டில் நடந்துவரும் இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஊதுகொம்புச் சத்தம். தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால், மரியா தேவாலயக் கோபுரத்தில் காவலர் ஒருவர் தினமும் இரவு ஒன்பதே காலிலிருந்து ஒரு மணிவரை கால்மணிக்கு ஒரு தரம் நாலு திசைக்கும் கொம்பு ஊதுவாராம். எங்கும் தீப்பிடிக்கவில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று பொருள். நான் ஒரு மணிவரை தூங்கவில்லை.

கேள்வி: படங்களையும் பார்த்தீர்களா? மூன்று நடிகர்களில் யார் சரியான வாலாண்டர்? நான் படத்தை முதலில் பார்த்துவிட்டேன், இனி நாவலைப் படிப்பதில் அர்த்தம் உண்டா?

மூன்று பேரையும் பார்த்தேன். ரோல்ஃப் லாஸ்கோர்ட் பெரிய உருவம். கோபம் வந்தால் அறையே சின்னதாகிவிடும். கிறிஸ்டர் ஹென்ரிக்ஸன் அமைதியானவர், வெடுக்கென்று பேசுவார். அவர் நடித்த 32 படங்களில் பெரும்பாலானவை நாவல்கள் அல்ல, புதிதாக எழுதிய கதைகள். கென்னத் பிரானா நடித்தது 2008-இல் தொடங்கிய பிபிசி தொடர். ஈஸ்டாடிலேயே எடுத்தார்கள். எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், பெயர்ப்பலகைகள் ஸ்வீடிஷில் இருக்கும். ஐந்து நிமிஷத்தில் பழகிவிடும். என் ஓட்டு லாஸ்கோர்டுக்கு. காரணம் கேட்காதீர்கள், முதலில் பார்த்தது அவரை.

ஆனால் பிரானா தொடர் ஒரு விஷயத்தில் நாவலைத் தாண்டிவிட்டது. முதல் பாகம் ரேப்சீட் (கடுகு இனப் பயிர்) பூத்த மஞ்சள் வயலில் தொடங்குகிறது. ஒரு பெண் நடுவயலில் நின்றுகொண்டு தன்மேல் தீ வைத்துக்கொள்கிறாள். இதை நாவலில் படித்தபோது எனக்கு நெருப்பு மட்டும் தெரிந்தது. திரையில் அந்த மஞ்சள்தான் பயமுறுத்தியது.

சரி, படம் தோற்கும் இடத்துக்கு வருகிறேன். ஏழாவது நாவலில் வாலாண்டரின் சக போலீஸ்காரர் ஒருவர் இறந்துகிடக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். வழுக்கைத் தலை, குளவி என்றால் நடுக்கம். முதல் நாவலிலிருந்தே கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், ஃபைலைப் புரட்டுவார், யாரும் அவரைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. இறந்தபின் வாலாண்டர் யோசிக்கிறார்: இவரைப் பற்றி எனக்கு என்னதான் தெரியும்? அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நானும் அதையே யோசித்தேன். குளவியைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பிரானா தொடரில் இது மூன்றாவது பாகம். ஒரு பாகம் ஒன்றரை மணிநேரம் என்றால், முந்தைய இரண்டு பாகங்களில் அந்த மனிதரோடு நாம் பழகியது மூன்று மணிநேரம். நாவலில் ஆறு புத்தகம். இயக்குநரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் அவ்வளவு நேரம் கிடையாது. பக்கத்து இருக்கைக்காரரை ஒரு ராத்திரி முழுக்கக் கவனிக்காமல் இருந்துவிட்டு, அவர் இறங்கிப்போனபின் இருக்கையைப் பார்ப்போமே, அந்த உணர்வுக்கு நீளம் வேண்டும்.

ஆகவே நீங்கள் தாராளமாகப் படிக்கலாம். கொலைகாரன் யார் என்று தெரிந்திருந்தால் இன்னும் நல்லது, அவசரமில்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பீர்கள். ஒரே நஷ்டம், வாலாண்டருக்கு நீங்களாக ஒரு முகம் கொடுக்கமுடியாது. எனக்கு இருந்த முகமும் இப்போது இல்லை. எவ்வளவு யோசித்தாலும் லாஸ்கோர்ட்தான் வருகிறார்.

கேள்வி: இளம் வயது வாலாண்டரை வைத்து 2020-இல் வந்த தொடர் எப்படி?

1990-இல் நாற்பதைத் தாண்டியவர் 2020-இல் இளைஞராக மால்மோவில் செல்போனோடு திரிகிறார். கணக்கு வாத்தியார்கள் தவிர்க்கவும். மற்றவர்கள் வேறு ஒரு போலீஸ்காரர் கதை என்று நினைத்துப் பார்த்தால் மோசமில்லை.

கேள்வி: வாலாண்டரின் அப்பாவைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே?

அவர் ஓவியர். ஆயுள் முழுக்க ஒரே இயற்கைக் காட்சியைத்தான் வரைந்தார். சிலவற்றில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். மகன் போலீஸில் சேர்ந்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. பிபிசி தொடரில் டேவிட் வார்னர் அவராக வருகிறார். அந்த ஒருவருக்காகவே பார்க்கலாம். தொடர் எழுதுகிறவர்கள் எல்லோருமே அந்தக் கிழவர் மாதிரிதான் என்று மான்கெல் நம்மைக் கிண்டல் பண்ணுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கேள்வி: 2009-இல் வந்த கடைசி நாவலில் வாலாண்டருக்கு என்ன ஆகிறது? சொல்லிவிட்டால் நிம்மதியாகப் பயணம் போவேன்.

சொல்லமாட்டேன். பயணத்தில் என் கை தானாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டும் ரகம். அதனால் கடைசி நாலு தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டுத்தான் ரயிலேறினேன். பின்னைப் பிரிக்க வேண்டிய இடம் வந்தபோது பிரிக்க மனசு வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பிரித்தேன்.