பாக்ஸ்டர் யார் பக்கம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிய கட்டுரையில் ரிச்சர்ட் பாக்ஸ்டரை நேர்மையான போதகர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையோடு போனார். அப்புறம் மன்னர் திரும்பி வந்ததை வரவேற்றார். அந்த மன்னரின் ஆட்சி பிஷப் பதவி கொடுத்தபோது வேண்டாம் என்றார். காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர் போலத்தான் தெரிகிறது. தவிர, இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் தூய்மையாக்க வேண்டும் என்ற பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸைத் தடை செய்தவர்கள், நாடகக் கொட்டகைகளை மூடியவர்கள். அவர்களில் ஒருவரை இவ்வளவு உயர்த்த வேண்டுமா?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

பாக்ஸ்டர் எதைச் சொன்னார் என்பதோடு, யார் கை ஓங்கியிருந்தபோது சொன்னார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். படம் மாறிவிடும்.

1645இல், மன்னர் படை தோற்ற நேஸ்பி போருக்குப் பிறகு, நாடாளுமன்றப் படையில் கர்னல் வாலியின் குதிரைப்படைக்குப் போதகராகப் போனார், உண்மை. போனதே அங்கே பரவிக்கொண்டிருந்த தீவிரக் கொள்கைகளோடு மல்லுக்கட்டத்தான். அமெர்ஷம் ஊர் ஆலயத்தில் ஒருநாள் காலையில் தொடங்கிய வாதம் கிட்டத்தட்ட இருட்டும்வரை நீண்டது. தான் முதலில் எழுந்தால் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள் என்று, எதிராளிகள் கலையும்வரை அவர் நகரவில்லை. பிறகு மன்னராட்சி ஒழிந்து, நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் நாட்டையே கையில் வைத்திருந்த நாட்களில், அவர் முகத்துக்கு நேரே, மன்னராட்சியை மக்கள் ஒரு வரமாகவே கருதுகிறார்கள், அதை எந்தக் குற்றத்துக்காக இழந்தார்கள் என்று கேட்டார். காற்றுப் பார்த்துச் சாய்கிறவர் கேட்கிற கேள்வியா இது?

1660இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் திரும்பினார். ஹியர்ஃபோர்டு பிஷப் பதவி தேடி வந்தது. பாக்ஸ்டர் மறுத்துவிட்டு, தான் முன்பு போதகராக இருந்த கிடர்மின்ஸ்டருக்கே திரும்பிப் போக அனுமதி கேட்டார். சம்பளம் இல்லாவிட்டாலும் சரி என்றார். கிடைக்கவில்லை. வூஸ்டர் பிஷப் மார்லி, தன் மறைமாவட்டத்தில் அவர் பிரசங்கிக்கவே தடை போட்டார்.

அந்த ஊரில் அப்படி என்ன இருந்தது? கிடர்மின்ஸ்டர் நெசவாளர்களின் ஊர். தறியில் வேலை செய்துகொண்டே எதிரில் புத்தகத்தை வைத்துப் படிக்க முடிகிறது என்று அவர்களைப் பற்றி மகிழ்ந்து எழுதியிருக்கிறார். சபையில் எண்ணூறு குடும்பங்களுக்கு மேல். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவரும் துணைப் போதகரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசுவார்கள். வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பம், வருடத்துக்குள் ஊர் முழுவதும். பத்து வருடம் பிரசங்கம் கேட்டும் ஒன்றும் ஏறாத ஒருவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால் ஏறுகிறது என்று கண்டுகொண்டவர் அவர். வைத்தியர் இல்லாத காலத்தில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்தும் சொன்னார். ஆலயத்தில் இடம் போதாமல் ஐந்து மேல்மாடங்கள் கட்டினார்கள். வந்த புதிதில் தெருவுக்கு ஒரு குடும்பம்தான் வீட்டில் ஜெபிக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்தால் நூறு வீடுகளில் பைபிளின் சங்கீதங்களைப் பாடுவது கேட்கும் என்கிறார். இதற்காகத்தான் பிஷப் பதவியை விட்டார்.

1662இல் ஒருமைப்பாட்டுச் சட்டம் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மனதார சம்மதம் சொல்லாதவருக்குச் சபை கிடையாது. ஆகஸ்ட் 24க்குள் சொல்ல வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் போதகர்கள் வெளியேறினார்கள். பாக்ஸ்டர் மே மாதமே விலகிவிட்டார். அந்த வருடம் செப்டம்பரில்தான் மார்கரெட் சார்ல்டனை மணந்தார். 1669இல் அவரைச் சிறையில் போட்டபோது, மார்கரெட் வீட்டிலிருந்த நல்ல படுக்கையை எடுத்துக்கொண்டு வந்து கூடவே தங்கினார். தன் மனைவி அதைவிட மகிழ்ச்சியாக இருந்த நாட்கள் குறைவு என்று பாக்ஸ்டர் பிற்பாடு எழுதினார். 1685இல் புதிய ஏற்பாட்டு விளக்க நூலுக்காக மறுபடி வழக்கு. நீதிபதி ஜெஃப்ரீஸ் அந்த முதியவரை 'ஒரு வண்டிக்குப் புத்தகம் எழுதிய கிழவன்' என்று ஏசியதாக வழக்கின் குறிப்புகள் சொல்கின்றன. 500 மார்க் அபராதம், சுமார் ஒன்றரை வருடம் சிறை.

கிறிஸ்துமஸ், நாடகத் தடைகள் நடந்தவைதான். அவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 'பியூரிட்டன்' என்ற பெயர் கீழிருந்து எப்படித் தெரிந்தது என்று பாக்ஸ்டரின் பிள்ளைப்பருவத்தில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் பைபிள் வாசிக்க உட்கார்ந்தால், வாசலுக்குப் பக்கத்திலேயே குழலும் மேளமும் ஆட்டமும் நடக்கும். பையனுக்கு ஓடிப்போய் ஆட ஆசை. சில தடவை ஆடவும் செய்தான். ஆடியவர்கள் தன் அப்பாவைப் 'பியூரிட்டன்' என்று கேலி செய்ததைக் கேட்டபிறகுதான் மனம் விலகியது. அப்பா செய்த குற்றம் வீட்டில் வேதம் வாசித்தது.

எனக்கும் அவரோடு பிணக்கு உண்டு. சூனியக்காரிகள் பற்றிய கதைகளை நம்பி, இறந்த 1691ஆம் வருடத்தில்கூட ஒரு நூல் வெளியிட்டார். அவ்வளவு படித்தவர் அதைச் செய்தது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

1696இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு மிகப் பெரியது. இளமையில் நினைத்ததையும் முதுமையில் நினைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். நல்லவர்கள், முன்பு தான் எண்ணிய அளவுக்கு நல்லவர்கள் இல்லை, எதிரிகள் சொல்லும் அளவுக்குக் கெட்டவர்களும் குறைவுதான் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். படித்த பிறகும் அவர் சந்தர்ப்பவாதி என்றே தோன்றினால் எழுதுங்கள், விவாதிப்போம்.