வரி சேர்ந்த தொகையிலிருந்து அசல் விலையைக் கண்டுபிடிப்பது எப்படி? டிப்ஸ் எதன் மேல் கணக்கிடுவது?

பில்லில் மொத்தம் 540, அதில் வரி 8% என்று வைத்துக்கொள்ளுங்கள். 540-இல் 8% கழித்தால் 496.80 வரும், பலரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் தப்பு. வரி போட்டது அசல் விலையின் மேல், மொத்தத்தின் மேல் அல்ல. அதனால் மொத்தம் என்பது அசல் விலையின் 1.08 மடங்கு; கழிக்காமல் 1.08-ஆல் வகுக்க வேண்டும்: 540 ÷ 1.08 = 500. வரி 40. விகிதம் 5% என்றால் 1.05-ஆல் வகுங்கள், அவ்வளவுதான்.

15% டிப்ஸுக்குக் கால்குலேட்டரே வேண்டாம். 500-இல் பத்தில் ஒரு பங்கு 50. அதில் பாதி 25. இரண்டையும் கூட்டினால் 15%, அதாவது 75. மொத்தத் தொகையின் மேல் போட்டால் 81 ஆகும். வரிக்கும் சேர்த்து டிப்ஸ் கொடுப்பது என்னைக் கேட்டால் வீண் தாராளம். சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.