தேரி மண்ணுக்கு ஒரு கழுவு, கரிசலுக்கு வேற கழுவு: ஆர்சி பக்கி கேள்வி பதில்

பள்ளிக்கூட லீவு முடிஞ்சாலும் முடிஞ்சது, இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி ஆர்சி பக்கி, அதான் மண்ணுல ஓட்டுற ரிமோட் காரப் பத்திதான். ஓட்டுறது எப்படின்னு ஒருத்தரும் கேக்கல, எல்லாரும் கழுவுறதப் பத்தியே கேட்டிருக்காங்க. நம்ம பக்கத்து மண்ணு அப்படி. சரி, ஒவ்வொண்ணா பாப்போம்.

அண்ணாச்சி, எங்கிட்ட 1/10 (நெச வண்டில பத்துல ஒரு பங்கு அளவு) பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) பக்கி இருக்கு. குட்டம் பக்கம் செம்மணல் தேரி மேட்டுலயும் உவரி கடக்கரையிலயும் ஓட்டுவேன். ஓட்டி முடிச்ச ஒடனே ஹோஸ் போட்டு அடிச்சுக் கழுவி, ஸ்பிரே எண்ணெய் அடிச்சு வச்சிருவேன். அப்படி இருந்தும் வீல் கர கரன்னு சத்தம் போடுது, மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடுது. என்ன செய்யலாம்?
*(பிளஸ் ஒன் மாணவர், திசையன்விளை)*

தம்பி, மொதல்ல அந்த ஹோஸ சுருட்டி ஓரமா வைங்க. உங்க வண்டியக் கெடுக்கிறது மண்ணு பாதின்னா நீங்க அடிக்கிற தண்ணி மீதி பாதி. நீங்க ஓட்டுறது ரெண்டு வேற வேற மண்ணு, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாது. தேரி மண்ணு செவப்பா இருக்கே, அது மணல் மேல இரும்பு ஆக்சைடு ஏறுனதால வந்த செவப்பு. காத்து அள்ளிக் கொண்டாந்து கொட்டுன மண்ணுங்கறதால நல்ல பொடியா இருக்கும், பேரிங்கோட ரப்பர் மூடிக்கும் உள் வளையத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும் பாருங்க, அதுக்குள்ள கூட போய் ஒக்காந்துரும். நீங்க ஹோஸ் அடிக்கும்போது மேல இருந்த மண்ணையும் சேத்து உள்ள தள்ளி விடுறீங்க, அதான் கர கர.

உவரி மண்ணு வேற. அலை வந்து போன எடத்துல கருப்பு கருப்பா வரி ஓடும்லா, அதுல இல்மனைட்டு நெறைய, கூடவே கார்னெட்டும் கெடக்கும். கார்னெட் உப்புத்தாள் செய்யிறதுக்கு ஆகுற சரக்கு, அது உங்க ஆக்சில்ல சுத்துனா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. இன்னொரு கூத்து என்னன்னா, அந்தக் கருப்பு மணல்ல காந்தத்துல ஒட்டுற பருக்கையும் உண்டு, பிரஷ்லெஸ் மோட்டாருக்குள்ள சுத்துறதே காந்தம்தான். மோட்டாரக் கழத்தி பினியன் (மோட்டார் கம்பில மாட்டுற சின்னப் பல்சக்கரம்) பக்கத்து மூடியில இருக்கிற ஓட்டையோட ஓரத்த வெளிச்சத்துல பாருங்க, மீசை மொளைச்ச மாதிரி கருப்பா நிமிந்து நிக்கும். ஊதுனாலும் போகாது, பிரஷ் போட்டா ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகந்து ஒக்காரும். செல்லோ டேப்ப விரல்ல திருப்பிச் சுத்தி, ஒத்தி ஒத்தி எடுங்க, டேப் கருக்கக் கருக்க மாத்திக்கிட்டே இருங்க. உங்க மோட்டார் சுடுறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், பேரிங் இறுகிப்போனா அதத் தள்ளுறதுக்கும் மோட்டார்தான் கூடுதலா மல்லுக்கட்டணும், ரெண்டும் சேந்துதான் சூடு.

இனிமே இப்படிச் செய்ங்க. ஓட்டி முடிச்சதும் பேட்டரியக் கழத்தி, நாலு வீலையும் கழத்தி, வண்டியத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு ஒரு இஞ்சு பெயிண்ட் பிரஷ்ஷால காயக் காயத் தட்டி விடுங்க, தலைகீழா பிடிச்சாத்தான் மண்ணு கீழ விழும், இல்லன்னா சேசிஸ் தட்டுலயே தங்கிரும். சந்து பொந்துக்கு பழைய டூத் பிரஷ். பங்க்சர் கடைல காத்து அடிச்சிரலாம்னு போகாதீங்க, அந்த வேகத்துக்கு மண்ணு பேரிங்கோட ரப்பர் மூடியத் தாண்டி உள்ள போகும், போதாக்குறைக்கு கம்ப்ரஸர் டேங்குல நிக்கிற ஈரமும் கூட வரும். கேமரா லென்ஸ் ஊதுற ரப்பர் பம்பு போதும். தேரின்னா இதோட சோலி முடிஞ்சது. கடக்கரைன்னா உப்பு இருக்கு, உப்பு பிரஷ்ஷுக்குப் போகாது, அதனால நல்ல தண்ணில துணிய நனைச்சு, நல்லா முறுக்கிப் பிழிஞ்சு, ஸ்க்ரூ தலை, ஆக்சில், ஷாக் கம்பி எல்லாம் தொடைச்சு எடுக்கணும். உங்க வீட்டு போர் தண்ணி உப்புன்னா அதத் தொடவே வேண்டாம், கேன் தண்ணி ஒரு டம்ளர் எடுத்துக்கோங்க.

இப்ப சத்தம் போடுற பேரிங்குக்கு வருவோம். 1/10 வண்டில பெரும்பாலும் 5க்கு 10, 10க்கு 15 மில்லிமீட்டர் பேரிங்தான் இருக்கும். வெளிய எடுத்து, குண்டூசி நுனிய உள் வளையத்து ஓரத்துல விட்டு ரப்பர் மூடிய நெம்பி எடுங்க, அது பூப்போல வந்துரும். மருந்து பாட்டில் மாதிரி சின்னக் கண்ணாடி பாட்டில்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊத்தி பேரிங்கப் போட்டுக் குலுக்குனா செவப்பா கலங்கும், அதக் கொட்டிட்டு வேற ஊத்தி, கலங்காத வரைக்கும் குலுக்கணும். பொறவு நிழல்ல நல்லா காயணும். காயட்டும்னு பம்புல காத்தடிச்சு விர்ருனு சுத்த விடாதீங்க, எண்ணெய் இல்லாத பேரிங்க அப்படிச் சுத்துனா குண்டும் தடமும் தேஞ்சுரும். காஞ்சதும் ரேஸ் ஓட்டுறவன்னா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, சும்மா தேரில பறக்க விடுறவன்னா கிரீஸ். எண்ணெய் போட்டா வேகமாச் சுத்தும்னு கடைல சொல்லுவாங்க, நெசந்தான், ஆனா நம்ம மண்ணுக்கு கிரீஸ் அடைச்ச பேரிங்தான் நாள்பட ஓடும், அதுல நான் மாறப் போறதில்ல.

அந்த நீல மஞ்ச டப்பா ஸ்பிரே இருக்கே, டபிள்யூடி 40, அதுல டபிள்யூடின்னாலே ஈரத்த வெரட்டுறதுன்னுதான் அர்த்தம். 1953ல அமெரிக்காவுல சான் டியேகோவுல இரும்பு துருப் பிடிக்காம இருக்கக் கண்டுபிடிச்சது. நனஞ்ச ஸ்க்ரூவுக்கு அடிச்சுத் தொடைச்சிரலாம், தப்பில்ல. பேரிங்குல அடிச்சா உள்ள இருக்கிற கிரீஸக் கரைச்சு வெளிய கொண்டாந்துரும், தொடைக்காம விட்டா மேல மண்ணு அப்பிக்கும். மூடி இல்லாம ஓடுற ஸ்பர் கியர்லயும் (பினியன் சுத்தி விடுற பெரிய பல்சக்கரம்) பினியன்லயும் எண்ணெயோ கிரீஸோ எதுவுமே வேண்டாம், கிரீஸும் மணலும் சேந்தா வால்வு தேய்க்கிற பேஸ்ட்டுதான்.

எங்க ஊர்ல கரிசல் காடு. ஒரு மழை பேஞ்சா வண்டி முழுக்க களி அப்பி ரெண்டு மடங்கு கனம் ஆயிருது. பிரஷ் போட்டா இன்னும் இழுவிக்கிட்டுப் போகுது.
*(வாசகர், மானூர்)*

ஈரமா இருக்கும்போது ஏன் தொடுறீங்க அண்ணாச்சி. கரிசல் ஈரத்துல ஊதும், காஞ்சா சுருங்கி வெடிக்கும், கோடையில நீங்க பாக்காத வெடிப்பா. பேட்டரியக் கழத்திட்டு, மோட்டார் மேலயும் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துற பொட்டி) ஃபேன்லயும் இருக்கிறத மட்டும் குச்சியால வழிச்சு எடுத்துட்டு, வண்டிய நிழல்ல ஒரு ராத்திரி விட்டுருங்க. காலைல தட்டுனா ஓடு ஓடா விழும். வெயில்ல காய வைக்காதீங்க, பிளாஸ்டிக்கு ஆகாது. இன்னொண்ணு, களி அப்புன வண்டிய அப்படியே ஓட்டாம நடுவுல ஒருக்கா நிறுத்தி வழிச்சு விடுங்க, கனம் கூடக் கூட மோட்டாரும் ஈஎஸ்சியும் கொதிக்கும்.

என் மகன் ரிமோட் வண்டியக் கொண்டாந்து பாத்திரம் வெளக்குற தொட்டியில போட்டு, பாத்திரப் பவுடரும் கம்பி நாரும் வச்சுத் தேய்க்கான். ஏதோ மருந்துத் தண்ணி வேற அடுப்பு மேடைல வச்சிருக்கான். இதெல்லாம் சரியா?
*(இல்லத்தரசி, மேலப்பாளையம்)*

ரெண்டுமே சரியில்லக்கா. பவுடர்ல இருக்கிற பொடி கல்லும் மணலும் ஒரே வேலையத்தான் பாக்கும், வண்டிக்கு ஆகாது. தொட்டியில கலந்த சோத்துப் பருக்கைய உங்க மகன் பேரிங்குல தேடணும், வண்டி மண்ணுப் பருக்கைய நீங்க கொழம்புல தேடணும். அந்த மருந்துத் தண்ணி அனேகமா ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலா இருக்கும், பெட்ரோல் மாதிரியே தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே வரக்கூடாது. மாடியிலயோ முத்தத்துலயோ காத்தோட்டமான எடத்துல வச்சு செய்யச் சொல்லுங்க. அப்புறம் வீட்டு டூத் பிரஷ் ஏதாவது காணாமப் போயிருந்தா அதையும் கேட்டு வச்சுக்கோங்க.

பேரிங்குக்கு தேங்காய் எண்ணெய் போடலாமா?
*(ஒன்பதாம் வகுப்பு மாணவர், களக்காடு)*

தலைக்குப் போடுங்க. பேரிங்குல நாளாக நாளாக பிசினாயிரும், மார்கழில ஒறஞ்சும் போகும்.

பெட்டியில வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கேன்னு நம்பி வாய்க்கால்லயும் நடவு வயல்லயும் விட்டு ஓட்டுனேன். அன்னைக்கு ஓடுச்சு. ஒரு வாரம் கழிச்சு எடுத்தா ஸ்டியரிங் நடுங்குது, பின் வீல் சுத்தவே மாட்டேங்குது.
*(வாசகர், அம்பாசமுத்திரம்)*

வாட்டர்ப்ரூஃப்னா மின்சார பாகங்களுக்கு மட்டும்தான் தம்பி, அதுலயும் எல்லாத்துக்கும் இல்ல. இரும்பு இரும்புதானே. 1979ல டாமியா கம்பெனி விட்ட சேண்ட் ஸ்கார்ச்சர் பக்கிலயே ரிசீவரையும் (ரிமோட் சிக்னல வாங்குறது) சர்வோவையும் (ஸ்டியரிங்கத் திருப்புற குட்டி மோட்டார்) தண்ணி போகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள பூட்டித்தான் குடுத்தான், அதனால இது ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா அன்னைக்கும் இன்னைக்கும் பேரிங்குக்குப் பெட்டி கெடையாது. உங்க பின் வீல் பேரிங் துருப்பிடிச்சு இறுகியிருக்கும், சுரண்டிட்டு இருக்காம மாத்திருங்க, துரு ஏறுன பேரிங்க சுத்தம் பண்ணி ஓட்டுனா ஆக்சிலும் சேந்து போகும். சர்வோவக் கழத்தி மூடியத் தொறந்து பாருங்க, உள்ள ஈரம் தங்கியிருந்தா அரிசி டப்பால்லாம் வேண்டாம், தொறந்த வாக்குல ஃபேன் காத்துல ஒரு நாள் விட்டாப் போதும். பல்லு ஒடஞ்சிருந்தாலும் நடுங்கும், அதையும் பாத்துக்கோங்க.

டயர மறந்துறாதீங்க. ரிம்லயோ டயர்லயோ காத்துப் போக சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி அது வழியாப் போய் உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச்ல ஊறிக் கெடக்கும். வீலக் காதுகிட்ட வச்சு ஆட்டுனா சளக் சளக்னு கேக்கும். ஓட்டை கீழ வர்ற மாதிரி வச்சு அமுக்கி அமுக்கிப் பிழிஞ்சு விடுங்க, இல்லன்னா ஸ்பாஞ்ச் அழுகி ஒரு பக்கமா திரண்டு வீல் ஆட ஆரம்பிச்சிரும்.

மச்சான் துபாய்லருந்து 1/8 நைட்ரோ பக்கி (எரிபொருள் ஊத்தி இன்ஜின்ல ஓடுறது) கொண்டாந்தாரு. அந்த எண்ணெய் இங்க லேசுல கெடைக்க மாட்டேங்குது, பெட்ரோல் ஊத்தலாமா? ஏர் ஃபில்டர் எப்படிக் கழுவணும்?
*(வாசகர், வள்ளியூர்)*

பெட்ரோல் ஊத்தவே ஊத்தாதீங்க, ஓடாது. அந்த இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கெடையாது, குளோ பிளக்தான், அதுல இருக்கிற பிளாட்டினம் கம்பி மெத்தனாலோட சேந்தாத்தான் தொடந்து கனகனன்னு இருக்கும், பெட்ரோலுக்கு அந்த வேலை நடக்காது. போதாததுக்கு நைட்ரோ எரிபொருள்ல இன்ஜினுக்கு வேண்டிய எண்ணெயும் கலந்தே வருது, அது இல்லாம ஓட்டுனா பிஸ்டன் பிடிச்சுக்கும்.

ஃபில்டர்தான் உங்களுக்கு உயிர், வள்ளியூர் பணகுடி பக்கம் ஆடிக் காத்துக்கு அள்ளிக் கொட்டுற மண்ணுக்கு இதுல அசட்டையா இருந்தா ஒரே நாள்ல பிஸ்டனும் ஸ்லீவும் தேஞ்சு கம்ப்ரஷன் போயிரும். ஃபில்டரக் கழத்துறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ண தொடைச்சுட்டு, கழத்துன ஒடனே கார்புரேட்டர் வாய துணிய வச்சு அடைச்சிருங்க. ஸ்பாஞ்ச சோப்புத் தண்ணில அமுக்கி அமுக்கிக் கழுவணும், முறுக்குனா கிழியும். முழுசாக் காஞ்ச பொறவு ஃபில்டர் எண்ணெய் விட்டு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டுப் பிசஞ்சா ஒரே சீரா எறங்கும். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்ச் பொடி மண்ணப் பிடிக்காது. ரெண்டு ஸ்பாஞ்ச் கைவசம் இருந்தா ஒண்ணு காயும்போது ஒண்ணு ஓடும்.

ஓட்டி முடிச்சா டேங்க்ல மிச்சம் இருக்கிறத வடிச்சுட்டு, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு உள்ள இருக்கிறத எரிச்சிருங்க. மெத்தனால் ஈரத்த இழுக்கும், அப்படியே விட்டா இன்ஜின் பேரிங் துருப்பிடிக்கும். ஆஃப்டர் ரன் ஆயில் நாலஞ்சு சொட்டு விட்டு, கையால சுத்தி வைங்க. வைக்கும்போது பிஸ்டன் கீழ நிக்கணும், மேல இறுகி நிக்கிற மாதிரி வைக்கக் கூடாது.

பரீட்சைக்காக மூணு மாசம் வண்டியத் தொடல. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிய ஃபுல் சார்ஜ் போட்டு பீரோவுக்குள்ள வச்சிருந்தேன். இப்ப எடுத்தா உப்பிப் போய் இருக்கு. ஓட்டலாமா?
*(பிளஸ் டூ மாணவர், பாளையங்கோட்டை)*

ஓட்டக்கூடாது, சார்ஜும் போடக்கூடாது, ஊசி வச்சு காத்த எறக்குறேன்னு மட்டும் கெளம்பிராதீங்க, தீப்பிடிக்கும். துணிமணி இருக்கிற பீரோவுலருந்து ஒடனே எடுத்து, முத்தத்துல மணல் போட்ட பழைய பானைக்குள்ள வைங்க, பொறவு மின் கழிவு வாங்குறவங்ககிட்ட சேத்துருங்க, குப்பை வண்டில போடாதீங்க. புதுசு வாங்குனா ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுங்கறது ஓட்டப் போற அன்னைக்கு மட்டும்தான். சும்மா வைக்கிறதா இருந்தா 3.8 வோல்ட்டுல வைக்கணும், சார்ஜர்லயே ஸ்டோரேஜ்னு ஒரு பட்டன் இருக்கும். ஓட்டும்போதும் 3 வோல்ட்டுக்குக் கீழ எறங்க விடக்கூடாது. நம்ம ஊரு அக்னி நட்சத்திர வெயில்ல ஓட்டிட்டு வந்து சூட்டோட சூடா சார்ஜர்ல மாட்டுறதையும் விட்டுருங்க.

எல்லாம் கழுவித் தொடைச்சு மாட்டுன பொறவு கீச்சுன்னு ஒரு சத்தம். ரெண்டே நாள்ல ஸ்பர் கியர் பல்லு மொட்டையாயிருச்சு.
*(வாசகர், பேட்டை)*

மோட்டாரத் திருப்பி மாட்டும்போது ரெண்டு கியரும் எவ்வளவு நெருக்கம்னு பாக்கல, அவ்வளவுதான். நோட்டுத் தாள்ல ஒரு துண்டு கிழிச்சு, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவுல விட்டு, மோட்டார நெருக்கித் தள்ளி ஸ்க்ரூவ இறுக்குங்க. பொறவு கியரச் சுத்தித் தாள வெளிய எடுத்தா மடிப்பு மடிப்பா வரணும், கிழிஞ்சு வந்தா நெருக்கம், மடிப்பே விழலன்னா தூரம். ஒரே எடத்துல பாத்துட்டு விடாம ஸ்பர முழுசா ஒரு சுத்து சுத்தி நாலு எடத்துல பாருங்க, சில ஸ்பர் லேசா கோணலா இருக்கும். பினியன் ஸ்க்ரூ மோட்டார் கம்பில இருக்கிற தட்டையான எடத்துல ஒக்காரணும், அதுக்கு நீல திரெட் லாக் (ஸ்க்ரூ கழராம பிடிக்கிற பசை) ஒரு பொட்டு போதும். இரும்புல இரும்பு ஏறுற ஸ்க்ரூவுக்கு மட்டும்தான் அது, பிளாஸ்டிக்ல ஏறுறதுக்குப் போட்டா பிளாஸ்டிக் வெடிச்சுரும். இன்னும் கீச்சுன்னா மோட்டார் பேரிங்கப் பாருங்க.